ஆடிக்காற்றுக்கு அசையாத சோளக்காட்டுப் பொம்மை

‘‘சோளக்காட்டில் கட்டி வைக்கும் பொம்மை, ஆடிக்காற்றுக்கு நிற்காமல் விழுந்துவிடுகிறது. எப்படி ஊன்ற வேண்டும்?’’
- ஒரு வாசகர், பல்லடம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் மேல்காற்று, ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எதையும் விட்டுவைக்காது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பொம்மை சாய்ந்தால் கிளி இறங்கிவிடும். விழுந்த இடத்தில் நாலு தட்டும் ஒடியும்.

9 அடிக் கம்புக்கு 2.5 அடி குழி வேண்டும். மண்ணை மொத்தமாகத் தள்ளாமல், அரையடிக்கு ஒருமுறை லேசாக ஈரப்படுத்தி, கடப்பாரையின் மழுங்கிய முனையால் இடிக்க வேண்டும். கரிசல் மண் காய்ந்தால் வெடித்து, கம்பைச் சுற்றி இடைவெளி விடும். அங்கே சரளைக்கல் கலந்து இடிப்பது நல்லது. காற்று வரும் மேற்குப் பக்கம் ஓர் இழுகயிறு அவசியம். முளைக்குச்சியின் தலை பொம்மையை விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும்; நேராக அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வரும்.

பாதித் தப்பு பொம்மையிலேயே இருக்கிறது. வைக்கோலைத் திணித்து, சட்டைக்குப் பொத்தான் போட்டால் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். சட்டையின் முதுகை நீளவாக்கில் கிழித்துவிட்டால் காற்று புகுந்து போய்விடும், கையும் ஆடும்.

இவ்வளவு செய்தும், ஒரே இடத்தில் நிற்கும் பொம்மையின் தலையிலேயே குருவி உட்கார்ந்து இளைப்பாறும். அதனால், காட்டில் மூன்று நான்கு இடங்களில் பி.வி.சி. குழாய்த் துண்டுகளை அதே ஆழத்தில் இடித்துப் புதைத்து, நாலு விரல் மட்டும் வெளியே விடலாம். மூன்று நாளைக்கு ஒருமுறை கம்பை உருவி அடுத்த குழாயில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கி, இழுகயிற்றை மாற்றிக் கட்டினால் போதும். காலிக் குழாயைக் கொட்டாங்குச்சியால் மூடி வைக்கவும். இல்லாவிட்டால் மண் விழுந்து அடைத்துக்கொள்ளும்.