மிச்சச் செலவு யார் தலையில்?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். சேரிப் பிள்ளைகள் பாஸ்புக்கை நீட்டி, ‘ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சா சார்?’ என்று கேட்கிறார்கள். ‘இன்னும் இல்லம்மா’ என்றே பல நாள் சொல்கிறேன்.

ஏறினாலும் எவ்வளவு? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, வீட்டிலிருந்து போய் பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் தலித் பிள்ளைக்குக் கட்டணம் போக ஆண்டுக்கு 3,000 ரூபாய். கணக்குப் போட்டேன்: நாளைக்கு எட்டு ரூபாய். மத்தியானச் சோறு, புத்தகம், ஜெராக்ஸ் எல்லாம் அதற்குள்ளே. 2022இலும் 2024இலும் மாநில அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் நல்லவைதான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அவை இல்லை. மிச்சத்துக்கு அம்மாவின் தோடு எங்க கவுண்டருக்கே அடகுக்கு வருது.

பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர் அம்பேத்கர். சேமிப்பும் கடனும் சேர்த்து 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. அவர் மீண்டார். பாதியில் நின்ற மற்றவர்களை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

உதவி என்கிறார்கள். நமக்கு வரவேண்டிய பாக்கி என்கிறேன் நான். மிச்சச் செலவு முழுவதையும் கணக்கிட்டு, கல்லூரி திறக்கும் மாதமே கொடு. இதைக் கேட்டுத் தெருவுக்கு வருவோம், தோழர்களே.