மீன் காட்சிச்சாலையும் தமிழ் மாணவரும்

விலங்கியல் மாணவர் கடற்கரைக்கும், வரலாற்று மாணவர் கோட்டைக்கும், தமிழ் மாணவர் புலவர் நினைவிடங்களுக்கும் கல்விச் சுற்றுலா செல்வது நம் கல்லூரிகளில் ஊறிய வழக்கம். தமிழ் மாணவரை மீன் காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்லலாம் என்றால், மீனுக்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழும்.

தொடர்பு உண்டு. நெய்தல் திணைப் பாடல்களை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். சுறா, இறா, அயிலை, வாளை என்னும் பெயர்கள் வருமிடமெல்லாம் 'ஒருவகை மீன்' என்று பொருள் கூறிக் கடந்து விடுகிறோம். அகநானூற்றின் 60ஆம் பாடலில் சோற்றின்மேல் சொரியப்படும் புளிக்குழம்பு அயிலை மீனால் ஆக்கப்பட்டது. அப்பெயர் குமரிக் கடற்கரையில் இன்றும் வழங்குகிறது; மலையாளத்தில் 'அயல' என நிற்கிறது; தமிழ்நாட்டின் பிற கடலோரங்களில் அம்மீனே கானாங்கெளுத்தி. மாணவன் அம்மீனைக் கண்ணால் கண்டு இப்பெயர்களையும் அறிவானாயின், சங்கச் சொல் ஏட்டோடு முடிந்ததன்று என்பதைத் தானே உணர்வான்.

காட்சிச்சாலை நமக்குப் புதியதும் அன்று. சென்னை மெரினாவில் 1909ஆம் ஆண்டிலேயே ஒன்று திறக்கப்பட்டுப் பின்னர் மறைந்தது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் 1971இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறியது. எனினும் மண்டபத்தில் அதன் மையம் தொடர்கிறது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவின் உயிர்வளத்தை அறிய அதனினும் ஏற்ற வாயில் அரிது. ஆண் கடற்குதிரை தன் வயிற்றுப் பையில் கருவைச் சுமந்து குஞ்சு பொரிக்கும் செய்தி, இலக்கிய மாணவனையும் வியக்க வைக்கும்.

ஆயினும் கண்ணாடித் தொட்டியோடு பயணம் முடிதல் கூடாது. நற்றிணை 45ஆம் பாடலில், சுறாத் துண்டங்களை உலர்த்திப் பறவை ஓட்டும் பரதவர் மகளை நாடி வந்த தலைவனிடம், எம்மேல் புலவு நாறும், விலகி நில் என்கிறாள் தோழி. அந்தப் புலவு நாற்றம் தொட்டியில் இல்லை. மீன் ஏலம் போகும் கரையில்தான் உண்டு. அங்கேதான் ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களும் உள்ளன. தொட்டியின் பெயர்ப்பலகையில் அவற்றைக் காண்பது அரிது. முதிய மீனவர் மறையும்போது அச்சொற்களும் உடன் மறைகின்றன. அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் செல்வதை நாம் குறை கூற இயலாது. சொற்களைத் திரட்டி வைப்பதோ தமிழ்த்துறையின் கடமை.

இது வீண்செலவு என்று பெற்றோர் ஐயுறுவது நியாயமே. பாட்டும் பலகாரமுமாய் ஒருநாள் கழிந்தால் அவர்கள் கூற்றே மெய்யாகும். ஆதலின் ஒவ்வொரு மாணவனும் பத்து மீன்களின் வட்டாரப் பெயர், அகப்படும் பருவம், பிடிக்கும் வலை ஆகியவற்றைக் கேட்டெழுதித் துறை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவ்வேடுகள் ஆண்டுதோறும் பெருகினால், நெய்தல் பாடத்தில் 'ஒருவகை மீன்' என்னும் தொடருக்கு இடமிராது.