முதலில் ஓர் அறை

வார இறுதியில் நண்பர்கள் கூடினால் பேச்சு எப்படியும் வீட்டு விலையில் வந்து நிற்கிறது. “இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டுடுங்க. தவணையை வாடகையே கட்டிடும்” என்று யாராவது சொல்வார்கள். எங்கள் நாலறை வீவக வீட்டில் ஐந்தாண்டு முடிந்ததும் நானும் கணவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

1.2 மில்லியன் வெள்ளிக்கு ஒரு கூட்டுரிமை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வீடு என்பதால் குடிமக்களுக்குக் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு. 2023 ஏப்ரலில் உயர்ந்த விகிதம் இது. 240,000 வெள்ளி ஆகிறது. மாதம் 4,000 வெள்ளி வாடகை வந்தாலும் அந்த வரியை மட்டும் ஈடுகட்ட 5 ஆண்டுகள். வழக்கமான முத்திரை வரி, வட்டி, பராமரிப்புக் கட்டணம் தனி. உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரியும் அதிகம். ஆண்டு மதிப்பில் 12 முதல் 36 விழுக்காடு.

ஏற்கெனவே வீட்டுக்கடன் இருந்தால் வங்கி அதிகபட்சம் 45 விழுக்காடுதான் தரும். மீதி 660,000 வெள்ளி நம் பொறுப்பு. அதில் 300,000 ரொக்கமாக வேண்டும். மகளின் படிப்பு, அம்மாவின் மருத்துவம் என்று ஒதுக்கியதையெல்லாம் துடைத்துப் போட்டாலும் எங்களுக்கு எட்டாது.

அதனால் ஓர் அறையை வாடகைக்கு விடுவது என்று முடிவெடுத்தோம். முதலில் வீவக அனுமதி வாங்க வேண்டும். குறைந்தது 6 மாத ஒப்பந்தம். வருபவரின் அனுமதி அட்டை செல்லுபடியாகிறதா என்று நாமே சரிபார்க்க வேண்டும். வாடகைக்கு வருமான வரி உண்டு. ஆனால் நாமும் அங்கேயே குடியிருப்பதால் சொத்து வரி விகிதம் ஏறாது.

“யாரென்றே தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதா?” என்று கேட்டார் அம்மா. நியாயமான கேள்வி. சமையலறை நேரம், விருந்தினர், குளிர்சாதனக் கட்டணம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிய பிறகுதான் சம்மதித்தார்.

வாடகை தாமதமானால் எப்படிக் கேட்பது, அறை காலியான மாதத்தை எப்படிச் சமாளிப்பது? இதையெல்லாம் ஓர் அறையில் கற்றுக்கொள்வது மலிவு. இரண்டு ஆண்டுகள் பாருங்கள். பிறகு இரண்டாவது வீட்டைப் பற்றிப் பேசலாம்.

ஒன்று மட்டும். விளம்பரத்தில் இன்னார் வேண்டாம் என்று எழுதாதீர்கள். வாடகைக்கு வீடு தேடியபோது “இந்தியர் வேண்டாம்” என்ற வரியைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!