பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லாதீர்கள்

எமது சமூகத்தில் அண்மைக்காலமாக ஒரு விசித்திரமான வழக்கம் வேரூன்றி வருகிறது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்ற இடத்தில் படம் எடுத்த காலம் போய், படம் எடுப்பதற்காகவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் காலம் வந்துவிட்டது. முதலாவது பிறந்தநாள் தொடக்கம் பூப்புனித நீராட்டு விழா வரை 'அவுட்டோர் சூட்' என்ற பெயரில் பிள்ளைகள் வாடகை உடைகளுடன் வெயிலில் மணித்தியாலக் கணக்கில் நிறுத்தி வைக்கப்படுகிறார்கள். தலைக்கு மேலே ட்ரோன் கமரா பறக்கிறது. "இங்கே பார், சிரி, இன்னொரு முறை சிரி" என்று அதட்டுபவர்களின் குரலில் சிரிப்பு இருப்பதில்லை. அந்தப் படங்களில் பிள்ளையின் பற்கள் தெரிகின்றன. பிள்ளை தெரிவதில்லை.

இதற்குப் பெருந்தொகைப் பணத்தைச் செலவிடும் பெற்றோரில் பலர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல நேரமில்லை என்று கூறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் தனியார் வகுப்பு இருக்கிறதாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறதாம். 1989 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 31 ஆவது உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமைகளாகக் கூறுகிறது. உரிமைகளைப் பற்றி உரத்துப் பேசுகின்ற எமது வீடுகளுக்குள் இந்த உரிமை நுழைவதற்கு இன்னமும் அனுமதி கிடைக்கவில்லை.

பத்திரிகைத்துறையில் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற வகையில், நல்ல படம் எது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. படம் எடுக்கப்படுகிறது என்பதை மறந்த முகமே உண்மையான முகம். 1920 களின் பிற்பகுதியில் ஜேர்மனியரான எரிச் சலமன் சிறிய கமராவை மறைத்துக்கொண்டு நீதிமன்றங்களுக்கும் இராஜதந்திர மகாநாடுகளுக்கும் சென்று, தலைவர்கள் கொட்டாவி விடுவதையும் குனிந்து இரகசியம் பேசுவதையும் படம்பிடித்தார். யூதரான அவர் 1944 இல் அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் மாண்டார். அவர் எடுத்த படங்களோ இன்றும் உயிருடன் இருக்கின்றன. அந்தத் தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட உத்தியோகபூர்வப் படங்களை இன்று எவர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இராஜதந்திரிகளுக்குப் பொருந்துகின்ற இந்த உண்மை நான்கு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகுமா?

இதற்குத் தூரதேசங்களுக்குப் போகத் தேவையில்லை. கொழும்பில் வாழ்பவர்களுக்குக் காலிமுகத்திடல் இருக்கிறது. 1859 ஆம் ஆண்டில் அங்கு நடைபாதையை அமைத்து முடித்த பிரிட்டிஷ் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைப் பேணுமாறு தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கல்லில் பொறித்துக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கென்றே விட்டுச்செல்லப்பட்ட திடல் அது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே பட்டம் விடும் பிள்ளையின் அண்ணாந்த முகத்தையும், இஸ்ஸோ வடையின் உறைப்பில் கண்கலங்கிக்கொண்டே இன்னொன்று கேட்கும் பிள்ளையையும் எந்தக் கலையகத்தில் உருவாக்க முடியும்?

வடக்கில் காரைநகர் கசூரினா கடற்கரை இருக்கிறது. கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமற்றது என்பதால் சிறுபிள்ளைகள் பெற்றோரின் கண்பார்வையில் அலையோடு விளையாடலாம். குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகில் முதன்முறையாக ஏறும் பிள்ளை தகப்பனின் சட்டையை இறுகப் பிடிக்கும் கை ஒரு படம். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விசித்திரப் பட்டங்கள் ஏறும்போது, பட்டங்களை விடவும் அவற்றைப் பார்க்கும் பிள்ளைகளே பார்க்கத் தகுந்தவர்கள். திருகோணமலையில் கோணேஸ்வரத்துக்குச் செல்லும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு முன்னால் அச்சத்துக்கும் ஆசைக்கும் இடையில் பிள்ளை தயங்கி நிற்கும். மட்டக்களப்பில் 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலம் வாவியின் மேல் மாலைக் காற்று வாங்க இருக்கிறது. பஸ் கட்டணமும் ஒரு பை கச்சானும் போதும். வசதியில்லை என்ற நியாயம் இங்கே எடுபடாது.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் இது பொருந்தும். ஒன்ராறியோவில் இலையுதிர்காலத்தில் குடும்பங்கள் தாமே அப்பிள் பறிக்கச் செல்லும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே கடித்த பழத்தைக் கையில் மறைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும் பிள்ளையைப் படம்பிடிக்காமல், பெட்டிக்குப் பின்னால் உயர வரிசையில் நிறுத்துவதில் என்ன பெருமை? கோடை விடுமுறையில் ஊருக்கு வருவோரில் பலர் பிள்ளைகளை நல்லூர் முகப்பில் ஒரு படம், கோட்டை வாசலில் ஒரு படம் என்று இழுத்துச் செல்கிறார்கள். ஊரைப் பார்க்க வந்த பிள்ளை கமராவை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

இதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. கைத்தொலைபேசியே போதுமானது. வெயில் தணிந்த மாலை நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, முடிந்தால் மண்ணில் இருந்து எடுங்கள். பெயர் சொல்லி அழைக்காதீர்கள். முதல் அரைமணி நேரம் கமராவைத் தொடாமல் பிள்ளையோடு விளையாடுங்கள். பிறகு உங்களை எவரும் கவனிக்கமாட்டார்கள். சிறிது நேரம் கமராவைப் பிள்ளையிடமும் கொடுங்கள். எப்போதும் படம் எடுப்பவராகவே இருந்து, எந்தப் படத்திலும் இல்லாமல் போகின்ற தாயோ தகப்பனோ அப்போதுதான் குடும்பத்தின் நினைவில் பதிவாவார்.

சம்பிரதாயமான குடும்பப் படமே வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். பேரன் பேத்தியுடன் மூன்று தலைமுறையும் நேராக நின்று எடுத்த படத்துக்குச் சுவரில் ஒரு மதிப்பான இடம் உண்டு. அதற்குப் பத்து நிமிடம் போதும். முழு நாளையும் அதற்குப் பலிகொடுப்பதையே நான் எதிர்க்கிறேன்.

இயல்பான படம் என்பது எதையும் எடுத்து எங்கும் போடுவதற்கான அனுமதியும் அல்ல. அதே சமவாயத்தின் 16 ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. கீரிமலைக் கேணி போன்று பிறர் நீராடும் இடங்களில் கமராவை உறைக்குள் வைத்திருப்பதே பண்பு. அழும் பிள்ளையையும் ஆடையின்றி நிற்கும் பிள்ளையையும் பாடசாலைச் சின்னம் தெரியும் சீருடையையும் முகநூலில் போடுபவர்கள், அந்தப் பிள்ளை இருபது வயதில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதிலை இப்போதே தயார் செய்துகொள்வது நல்லது.

இவையெல்லாம் ஒரு சின்ன விடயமாகத் தோன்றலாம். எமது மக்களுக்கு இது சின்ன விடயம் அல்ல. 1995 அக்டோபர் 30 வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்தவர்களும், 2004 டிசம்பர் 26 கடல்கோளில் வீடிழந்தவர்களும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் கைவிட்டு வந்தவர்களும் படத்தொகுப்புகளையும் பறிகொடுத்தார்கள். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்திய படங்களைக் கவனித்தீர்களா? அவற்றில் பல அடையாள அட்டைக்கும் பாடசாலைக்குமாக எடுக்கப்பட்ட, விறைத்த முகங்கள். அந்தப் பிள்ளை எப்படிச் சிரித்தான், எப்படி ஓடினான் என்பது தாயின் மனதில் மாத்திரமே இருக்கிறது. அவளுக்குப் பின்னர் அதுவும் இருக்கப்போவதில்லை.

அந்தத் தாய்மாருக்குக் கமராவும் இல்லை, அமைதியான மாலைப் பொழுதுகளும் இல்லை. எங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பொம்மைகளாக நிறுத்தி வைக்கும் சமூகத்துக்கு நாளை எந்த நியாயமும் கைகொடுக்காது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். படம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது கிடைத்திருக்கும்.