மோசடி வழக்கில் ‘அப்பீல்’: ஒப்புக்கொண்டவருக்குப் பாதிக் கதவு அடைப்பு

வேலை வாங்கித் தருகிறேன், பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்று பணம் வாங்கி ஏமாற்றியவர் மீது நம் நாட்டில் பெரும்பாலும் பாய்வது குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவு. குறைந்தது 1 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை. பிரம்படியும் உண்டு. அபராதமும் விதிக்கப்படலாம். பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் இக்குற்றத்தில் பிரம்படி இல்லை.

தீர்ப்பு வந்ததும் “அப்பீல் பண்ணிக்கலாம்” என்று குடும்பத்தார் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். எதை எதிர்த்து என்பதில்தான் சிக்கல். குற்றத்தை மறுத்து விசாரணையைச் சந்தித்தவர், குற்றவாளி என்ற தீர்ப்பையும் தண்டனையையும் எதிர்க்கலாம். ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டுமே கேட்க முடியும்.

“ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்ற பேச்சை நம்பித் தலையாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒப்புதலின் விளைவைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் புரிந்துகொண்டாரா என்பதை நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். மலாய் வாசகம் விளங்காவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அப்போதே கேட்டுவிட வேண்டும். தண்டனைக்குப் பிறகு “எனக்குப் புரியவில்லை” என்று சொல்லி மீள்வது சுலபமல்ல.

இதில் இன்னொரு வேதனை, மறுத்திருந்தால் சிலருக்கு நல்ல வாதமே இருந்திருக்கும். பணத்தைத் திருப்பித் தராதது மட்டுமே மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். வீட்டைப் பழுதுபார்க்க முன்பணம் வாங்கி, பாதி வேலையில் தொழில் நொடித்துப்போன குத்தகையாளரின் கடன் சிவில் வழக்குக்கு உரியது. இல்லாத வேலைக்குப் பணம் வாங்கியவரின் கதை வேறு.

மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வழக்குப் பதிவேடு கைக்கு வந்த பிறகு, காரணங்களை விளக்கும் மனுவுக்கு இன்னொரு 14 நாள். அறிவிப்பு கொடுத்ததாலேயே சிறைத் தண்டனை நின்றுவிடாது. நிறுத்திவைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். இதைப் பலர் வழக்கறிஞரிடம் கேட்பதே இல்லை. செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அதற்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும்.

பணத்தை இழந்தவர்களோ, அவன் உள்ளே போனால் காசு வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். சிறைத் தண்டனை பணத்தைத் திருப்பித் தராது. இழப்பீட்டு உத்தரவுக்கு அரசுத் தரப்பு விண்ணப்பிக்க வேண்டும். தண்டனை அறிவிக்கப்படும் முன்பே, ரசீதுகளோடு அவர்களிடம் கேட்டு வைப்பது நல்லது.