யார் வென்ற காடு?

விடுமுறை நாள்களில் ஈப்போவிலிருந்து நான்கு சக்கர இயக்க வண்டிகள் அணிவகுத்துப் புறப்படுகின்றன. கோப்பெங்கின் மலையடிவாரத்திலும் சுங்கை சிப்புட்டின் உட்புறங்களிலும் சேற்றில் புதைந்து மீண்டவர்கள், மனிதர் காலடி படாத காட்டை வென்று வந்ததாகப் பெருமை பேசுகின்றனர். அவர்தம் விளையாட்டின்மீது எனக்குப் பகையில்லை. 'வென்றோம்' என்னும் சொல்லைத்தான் ஏற்கவியலவில்லை.

அவர்கள் ஏறியிறங்கும் தடங்களுட் பல, பழைய தோட்டச் சாலைகளாகும். காடழித்து, வடிகால் தோண்டி, செம்மண் பரப்பிச் சமன் செய்தோருள் நம் முன்னோர் எத்துணைப் பேர்! தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, பேணுவாரின்றிச் சாலையும் சேறாயிற்று. சேறானதனாலேயே அது கன்னிக்காடு ஆகிவிடுமா?

லேண்ட் ரோவர் வண்டி உலகிற்கு அறிமுகமானது 1948 ஏப்ரலில். அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளையர் மூவர் தோட்டங்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அதன்பின் துரைமார் இரும்புத்தகடு போர்த்திய வண்டிகளில் சென்றனர். பால்மரம் சீவுவோர் அதே செம்மண்ணில், விடியுமுன், நடந்தே சென்றனர். வீரம் யாருடையது என்பதை மாணவர்களே கூறட்டும்.

"வண்டியோட்டுவதும் ஒரு திறனன்றோ?" என்பர். ஆம், திறனே. தாழ்ந்த கியரில், பிரேக்கை மிதியாமல், எஞ்சினின் பிடிப்பைக்கொண்டே வழுக்குச் சரிவில் இறங்குவது எளிதன்று. ஆனால், அடைமழையில் வேண்டுமென்றே சென்று முழங்காலளவு பள்ளம் உழுதுவருவது என்ன திறன்? அப்பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை ஆற்றில் சேர்க்கிறது. அகன்ற வார்ப்பட்டை இடாமல் வின்ச்சின் இரும்புக் கயிற்றை மரத்தில் சுற்றியிழுத்தால் மரப்பட்டை அறுந்துபோகும். உள்மரத்தில் கத்தி படாமல் பட்டை சீவிய கைகளின் பேரப்பிள்ளைகளும் இதனைச் செய்கின்றனரே!

விளையாடியவர் மாலையில் நகர் திரும்புவர். கோலா மூவில் வாழும் தெமியார் மக்களுக்கோ அத்தகைய தடமே நெடுங்காலமாகச் சாலை. நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் அவ்வழியேதான் வந்தாக வேண்டும். அதைக் குதறிவிட்டு வருபவருக்கு வெற்றிக் கோப்பை ஒரு கேடா?

ஆசிரியர்களுக்கு ஒன்று. 'சாகசப் பயணம்' என்று மாணவன் கட்டுரை எழுதிவந்தால், அத்தடம் எத்தோட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் கேட்டெழுதப் பணியுங்கள். நிலப்படத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும். தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரைப் பாட்டியிடந்தான் கேட்கவேண்டும். பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர்.