ஆட்டம் முடிந்த பிறகு…

சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால் வாலாஜா சாலையும் பெல்ஸ் சாலையும் மாலையிலேயே திணறத் தொடங்கிவிடுகின்றன. இத்தனைக்கும் மைதானத்தை அடுத்தே பறக்கும் ரயில் நிலையம். 1995-இல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய அந்தத் தடம் முதலில் முடிந்த இடமே சேப்பாக்கம்தான். நடக்கும் தூரத்தில் அரசினர் தோட்டம் மெட்ரோ. ஆட்டச் சீட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் பயணிக்கும் ஏற்பாடும் அண்மைக்காலத்தில் வந்தது. பாராட்டுக்குரியது.

ஆனால், சிக்கல் வருவதில் இல்லை, வீடு திரும்புவதில்தான். இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடுகிறது. மெட்ரோ நேரத்தை நீட்டித்தாலும், இறங்கிய இடத்திலிருந்து ஆவடிக்கோ தாம்பரத்துக்கோ பேருந்து கிடைக்காதவர் அடுத்த முறை காரில்தான் வருவார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆட்டச் சீட்டோடு அன்றைய நகரப் பயணச் சீட்டும் சேர்ந்தே வந்தது. அரங்குகளில் பொதுப் பார்வையாளர்களுக்குக் கார் நிறுத்துமிடமே கிடையாது. சென்னையிலும் இலவசப் பயணம் பருவத்துக்குப் பருவம் பேசி முடிக்கும் சலுகையாக இல்லாமல் நிரந்தர விதியாக வேண்டும். கடைசி ரயிலுக்கேற்ப இணைப்புப் பேருந்துகளும், வண்டிகள் ஆக்கிரமிக்காத நடைபாதையும் வேண்டும். காவல் துறை, மாநகராட்சி, போக்குவரத்துக் கழகம், மெட்ரோ நிர்வாகம் நான்கும் அட்டவணை வெளியாகும் நாளிலேயே கூடிப் பேசட்டும்.